முதுகெலும்பில் அடிபட்ட பின் மீண்டும் ஓடலாமா?

முதுகில் அடிபட்டவர்களுக்கு எங்கள் பக்கத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை "அசையாமப் படு" என்பதுதான். இரண்டாவது, "ஓட்டம் கீட்டம் எல்லாத்தையும் இனி மறந்துடு". முதலாவதை மருத்துவ உலகம் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதை எழுதத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. 1977 வன்முறைக்குப் பிறகு ஊவாத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்கள் பெரியப்பா குடும்பமும் ஒன்று. அவருடைய மகன், என் அண்ணன், கிளிநொச்சியிலிருந்து கேட்டார்: "தம்பி, நீ திரும்ப ஓடுறியாமே? எனக்கு முதுகுக்குள்ள இன்னும் பீஸ் கிடக்குது. நானும் ஓடலாமோ?" 2009இல் பட்ட ஷெல் துண்டு அது. அவருக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதே கேள்வியோடு வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாலி-எலவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். பாடசாலைக் காலத்திலிருந்தே 5,000 மீற்றர், பிறகு வீதி ஓட்டங்கள். 2021 மழைக்காலத்தில் செய்தி சேகரிக்கப் போன இடத்தில், லயத்துக்கு இறங்கும் கருங்கல் படியில் வழுக்கி ஏழெட்டுப் படிகள் கீழே போய் விழுந்தேன். எல்5–எஸ்1, அதாவது கடைசி இடுப்பு முள்ளெலும்புக்கும் அதன் கீழேயுள்ள திருவெலும்புக்கும் இடையிலிருந்த டிஸ்க் பிதுங்கி, வலது காலுக்குப் போகும் நரம்பை அழுத்தியிருந்தது. வலியை விடப் பயமுறுத்தியது காலின் பலவீனம். வலது கால் விரல்களில் ஊன்றி ஒரு தடவைகூட எழும்ப முடியவில்லை. சத்திரசிகிச்சை செய்யவில்லை. இன்று வாரத்துக்கு 40 கிலோமீற்றர் ஓடுகிறேன், முன்பைவிட மெதுவாக.

இனி டிஸ்க். முள்ளெலும்புகளுக்கு இடையில் இருக்கும் ஒரு வாசர் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே நார் வளையங்கள், உள்ளே களி போன்ற பொருள். வளர்ந்தவர்களின் டிஸ்க்கின் உட்பகுதிக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மேலும் கீழுமுள்ள எலும்புத் தட்டுகளிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. பகலில் நிற்கும்போதும் நடக்கும்போதும் பாரத்தில் அதிலுள்ள நீர் பிழியப்பட்டு வெளியேறுகிறது. இரவு படுக்கும்போது திரும்ப ஊறுகிறது. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் உயரமாக இருப்பது இதனால்தான். அளவான பாரமும் ஓய்வும் மாறி மாறி வருவதையே இந்த வாசர் விரும்புகிறது. மாதக்கணக்கில் படுத்துக்கிடப்பது அதற்கு மருந்தல்ல.

ஓட்டம் டிஸ்க்கைத் தேய்க்கும் என்ற நம்பிக்கையை ஆராய்ந்தவர்களில் அவுஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகக் குழுவும் ஒன்று. 25 முதல் 35 வயதுக்குட்பட்ட 79 பேரை ஸ்கான் செய்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாரம் 20 முதல் 40 கிலோமீற்றர் வரை ஓடுபவர்களின் டிஸ்க்குகளில், ஓடாதவர்களுடையதை விட நீர்த்தன்மை அதிகம், தடிப்பும் கூட. வேக நடைக்கும் மெல்லோட்டத்துக்கும் இடைப்பட்ட வேகமே டிஸ்க்குக்கு உகந்தது போலத் தெரிகிறது என்றும் எழுதினார்கள். இதை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். நல்ல முதுகு உள்ளவர்கள்தான் ஓட்டத்தில் நிலைத்து நிற்கிறார்களோ என்ற சந்தேகத்தை இப்படியான ஆய்வால் தீர்க்க முடியாது. ஆனாலும் "ஓடினால் தேயும்" என்று அடித்துச் சொல்பவர்களின் வாயை அடைக்க இது போதும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அழுபவர்களை வைத்தியசாலை வாசலில் பார்த்திருக்கிறேன். "தேய்மானம்", "பிதுக்கம்" என்ற சொற்கள் தீர்ப்பு மாதிரி ஒலிக்கின்றன. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கான்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று 2015இல் வந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதமானோருக்கும் 50 வயதுக்காரர்களில் 80 சதவீதமானோருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. பிதுக்கம் முறையே 30, 60 சதவீதம். எந்த வலியும் இல்லாமல் நடமாடுபவர்கள் இவர்கள். இன்னொரு விஷயம், பிதுங்கி வெளியே வந்த டிஸ்க் பல பேருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்குகிறது. காலுக்கு இறங்கும் வலியும் பெரும்பாலானோருக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் குறைந்துவிடுகிறது.

ஆனால் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. சிறுநீர் கழிப்பதில் திடீர்த் தடை அல்லது கட்டுப்பாடின்மை, மலம் அறியாமல் போதல், தொடைகளின் உட்பக்கமும் மறைவிடத்தைச் சுற்றியும் மரத்துப்போதல், இரண்டு கால்களும் பலமிழத்தல், ஒரு காலின் பலம் நாளுக்கு நாள் குறைதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் வலிக் குளிசை வாங்குவதோ முறிவு நெறிவு வைத்தியரிடம் உருவி எடுப்பதோ இங்கே உதவாது. மணித்தியாலங்கள் தாமதித்தாலும் நிரந்தரப் பாதிப்பு வரலாம். உயரத்திலிருந்து விழுந்த பின் வரும் முதுகுவலி, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமின்றி உடல் மெலிவதோடு வரும் முதுகுவலி ஆகியவற்றுக்கும் முதலில் பரிசோதனைதான்.

ஆபத்து இல்லையென்று வைத்தியர் சொன்ன பிறகு எங்கே தொடங்குவது? நடையில். 2024இல் 'லான்செட்' இதழில் வந்த அவுஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேர் பங்கேற்றார்கள். படிப்படியாகக் கூட்டி, ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் நடப்பதை இலக்காகக் கொண்டு, இயன்மருத்துவரின் ஆலோசனையுடன் நடந்தவர்களுக்கு வலி திரும்ப வரச் சராசரியாக 208 நாட்கள் எடுத்தன. அப்படி நடக்காதவர்களுக்கு 112 நாட்கள். செலவில்லாத வைத்தியம் ஒன்றுக்கு இது பெரிய வித்தியாசம்.

பதுளையில் நடப்பதற்குச் சமதரை கிடைப்பதே பெரும்பாடு. வீட்டிலிருந்து கால் வைத்தால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அதனால் பஸ் ஏறி வின்சன்ட் டயஸ் மைதானத்துக்குப் போய்த்தான் நடந்தேன். முதல் நாள் ஐந்து நிமிடம். 30 நிமிட நடையைத் தொடர்ச்சியாகச் சில நாட்கள் சமாளித்த பிறகுதான் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மாறியது. இயன்மருத்துவர் எனக்குத் தந்த அளவுகோல் எளிமையானது. வலிக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி? மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். வலி இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். காலிலிருந்து விலகி இடுப்புப் பக்கம் ஒதுங்கினால் நல்ல சகுனம். இடுப்பிலிருந்து கெண்டைக்கால், பாதம் என்று இறங்கினால் அந்த வாரத் தூரத்தைக் குறைக்க வேண்டும்.

பலத்துக்கும் ஒரு அளவுகோல் தந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதியை உயர்த்துவது. இடது காலில் 25 தடவை முடிந்தது, வலது காலில் பூச்சியம். எஸ்1 நரம்பு கெண்டைக்கால் தசையை இயக்குவதால், அந்த எண்ணிக்கையே நரம்பு எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதற்குக் கணக்கு. ஸ்கான் தேவையில்லை, காசு தேவையில்லை. வலது கால் 20ஐத் தொட ஏழு மாதங்கள் எடுத்தன. அதுவரை ஓட்டத்தில் வேகம் காட்ட அவர் அனுமதிக்கவில்லை.

அதிகாலை ஓட்டம் மலையகத்தில் பழக்கம். ஆனால் எழும்பியவுடன் டிஸ்க்குகள் நீர் நிரம்பி விம்மியிருக்கும். அந்த முதல் ஒரு மணித்தியாலத்தில் குனிவது அவற்றுக்கு அதிக அழுத்தம். காலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு வலி குறைந்ததை 1998இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே சப்பாத்து நூலைக் கட்டக்கூட ஒரு படியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

மலைதான் கடைசிப் பாடம். ஏற்றத்தில் நெஞ்சு எரியும், ஆனால் ஒவ்வொரு அடியும் தரையில் மோதும் வேகம் குறைவு. இறக்கத்தில் மூச்சு சுகமாக இருக்கும். மோதல் முழுவதையும் தொடையும் முதுகும் வாங்கும். பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். ஆகவே பல மாதங்களாக ஏறி மட்டும் ஓடினேன், இறங்குவதற்கு பஸ். வியர்வையில் நனைந்தபடி ஏறும் என்னைப் பார்த்துக் கண்டக்டர் தினமும் சிரிப்பார். இறங்கி ஓடத் தொடங்கியபோது எட்டை நீட்டாமல், அடிகளைக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டப் பழகினேன். நிமிடத்துக்கான அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் இடுப்பு, முழங்கால் மூட்டுகள் வாங்கும் பாரம் குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

நீண்ட ஓட்ட நாட்களில் பண்டாரவளைப் பக்கம் போவேன். 2000 ஒக்டோபர் 25 அன்று 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் தடுப்பு முகாமுக்குள் கொல்லப்பட்ட பிந்துனுவெவ அங்கேதான் இருக்கிறது. யுத்த காலத்தில் இந்த வீதிகளில் இருட்டோடு ஓடும் தமிழ்ப் பையன் அடையாள அட்டையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். சோதனைச் சாவடியைக் கண்டால் நடைக்கு மாற வேண்டும். ஓடுபவன் எதிலிருந்தோ தப்பி ஓடுபவனாகவே பார்க்கப்பட்ட காலம் அது. இன்றும் என் வயதுக்காரர்கள் சிலர் வீதியில் ஓடக் கூசுவதற்கு முதுகு மட்டும் காரணமல்ல.

மீண்டு வருவது நேர்கோட்டில் நடப்பதில்லை. எலியுட் கிப்சோகே 2024 ஓகஸ்ட் 10 அன்று பாரிஸ் ஒலிம்பிக் மரதனில் முதுகுவலியால் 30 கிலோமீற்றரைத் தாண்டியதும் நின்றுவிட்டார். அடுத்த ஏப்ரலில் லண்டனில் 2 மணி 5 நிமிடம் 25 செக்கனில் ஆறாவதாக வந்தார். எங்களுக்கு அவருடைய வைத்தியக் குழு இல்லைதான். ஆனால் நின்றுவிட்டுத் திரும்ப வருவது அவருக்கும் வேண்டியிருந்தது.

இனி அண்ணனின் கேள்வி. உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ உள்ளவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், இயந்திரத்துக்குள் போகுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். அது பலமான காந்தம். இரும்பு கலந்த துண்டை அது அசைக்கலாம், சூடாக்கலாம். கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டு வடத்துக்கு அருகிலோ இருந்தால் ஆபத்து அதிகம். முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு இருக்கும் இடத்தைப் பார்ப்பார்கள், தேவையானால் சி.ரி. ஸ்கான். எப்படிக் காயம் பட்டது என்று சொல்லப் பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். "உலோகத் துண்டு இருக்கிறது" என்று மட்டும் சொன்னாலே போதும், மற்றது கேட்கப்படத் தேவையில்லை.

பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் இருக்கும் துண்டைச் சுற்றிப் பொதுவாகத் தழும்புத் தசை வளர்ந்து அதைப் பிடித்து வைத்திருக்கும். நடந்தால் அது ஊர்ந்து போய்விடும் என்ற பயத்திலேயே பதினைந்து வருடங்களாக அசையாமல் இருப்பவர்களின் வலிக்கு, பலமிழந்த தசைகளும் பெரிய காரணம். ஆனால் துண்டு வடத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை வைத்தியர் பார்க்காமல் ஓடத் தொடங்கக் கூடாது. அண்ணன் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். நடக்கலாம் என்றார்கள், ஓட்டத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். இப்போது குளக்கட்டில் 20 நிமிடம் நடக்கிறார்.

வடமே அறுபட்டவர்களுக்கு இந்தப் படிமுறைகள் பொருந்தாது. அவர்களுக்கு ஓட்டம் என்பது சக்கர நாற்காலியில். 1965 இந்திய–பாகிஸ்தான் யுத்தத்தில் முதுகெலும்பில் சன்னம் பாய்ந்த முரளிகாந்த் பேட்கர் 1972 பரா ஒலிம்பிக்கில் 50 மீற்றர் நீச்சலில் தங்கம் வென்றார். மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை போன்ற அமைப்புகளில் இருப்பவர்களிடம் அதைப் பற்றி என்னைவிட நன்றாகக் கேட்டறியலாம்.

என் சித்திக்கும் இதே இடுப்பில்தான் வலி. கொழுந்துப் பையோடு மலையில் வழுக்கி விழுந்தவர். நான் படித்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். "படிப்படியாக் கூட்டணும்னு சொல்ற. பதினெட்டுக் கிலோ எடுக்காட்டி அரைப் பேர்தான் போடுவாங்க. எந்தப் படியில நிக்கிறது?" என்றார். எனக்குக் கிடைத்த ஏழு மாதம் அவருக்கு இல்லை. மழை நாளில் ஈரக் கொழுந்தின் பாரம் தலைக்கயிற்றில் தொங்க, செங்குத்துச் சரிவில் குனிந்து நிமிரும் வேலைக்கு எந்த ஆய்வும் கால அட்டவணை எழுதவில்லை. வேலையில் விழுந்தால் அன்றே அதைப் பதிய வைக்க வேண்டும், டிஸ்பென்சரித் துண்டைப் பத்திரப்படுத்த வேண்டும். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கோர அவை தேவைப்படும். சித்தி விழுந்த அன்று எதுவும் எழுதப்படவில்லை.

அவரால் செய்ய முடிந்தவற்றைச் செய்கிறார். விடிய எழும்பியதும் குனிந்து கூட்டுவதை மகளிடம் விட்டிருக்கிறார். பை நிறையும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே போய்ச் சாக்கில் கொட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் பாதையோரம் வரை இறங்கி ஏற வேண்டும் என்பதால் கிலோ குறைகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தை மலைக்குக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி, அவரோடு இன்னும் ஆறு பெண்கள் சேர்ந்து கடந்த மாதம் பிரட்டில் கேட்டிருக்கிறார்கள். துரையிடம் சொல்வதாகக் கணக்கப்பிள்ளை சொல்லியிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.