குறிஞ்சியை எத்தனையாகப் பிரிப்பது?

2018-இல் மூணாறு மலைச்சரிவுகளில் நீலக்குறிஞ்சி பூத்துக் கிடந்தது. அடுத்தது 2030-இல் என்று கணக்கு. ஆனால், குறிஞ்சி என்பது ஒரே செடி அல்ல. 'ஸ்ட்ரோபிலாந்தஸ்' என்ற பேரினத்தில் ஆசியா முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. ஆண்டுதோறும் பூப்பவையும் இருக்கின்றன. பல வருஷம் காக்கவைத்து, ஒரே ஒருமுறை பூத்து, விதைவிட்டு மடிபவையும் இருக்கின்றன. இவற்றை வகைப்படுத்தப் போய்த்தான் தாவரவியலாளர்கள் இருநூறு வருஷமாக மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

நீலக்குறிஞ்சி பட்ட பாட்டைப் பாருங்கள். 1832-இல் ஜெர்மானிய அறிஞர் நீஸ் அதை 'ஃப்ளெபோஃபில்லம்' என்ற தனிப் பேரினத்தில் வைத்தார். பின்னால் வந்த ஆண்டர்சன் ஸ்ட்ரோபிலாந்தஸில் சேர்த்தார். 1944-இல் நெதர்லாந்தின் பிரேமெகாம்ப் மறுபடி பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டார். அவர் நம்பியது மகரந்தத்தை. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு சிற்றினத்தின் மகரந்தத் துகள் உருண்டையாக, மேலெல்லாம் முள்ளாக இருக்கும். இன்னொன்றினுடையது நீண்டு, வரிவரியாக மேடு கட்டியிருக்கும். இந்த வேறுபாடுகளை வைத்து, ஒரே பேரினத்தை ஐம்பதுக்கும் மேற்பட்டதாக உடைத்தார். அதில் ஒன்றுக்கு 'நீல்கிரியாந்தஸ்' என்று நீலகிரியின் பெயர்.

உழைப்பு அசாத்தியமானதுதான். ஆனால் அத்தனை பேரினங்கள் தேவையா என்றால், எனக்கு இல்லை என்றே படுகிறது. 2004-இல் வெளியான மரபணு ஆய்வும் அந்தப் பிரிவுகளில் பலவற்றைத் தாங்கவில்லை. அதே ஆண்டு கேரைன், அலெக்சாண்டர், ஸ்காட்லாந்து என்ற ஆய்வாளர்கள் மூவரும் நீலக்குறிஞ்சிக் கூட்டத்தை மட்டும் தனியே எடுத்துத் திருத்தி எழுதினார்கள். அது மீண்டும் ஸ்ட்ரோபிலாந்தஸ் ஆனது. ஸ்ட்ரோபிலாந்தஸ் முழுவதையும் சேர்த்துக் கட்டும் அடையாளம் பூவுக்குள்ளேயே இருக்கிறது. குழலைப் பிளந்தால், உள்சுவரில் வரிசையாக நிற்கும் மயிர்கள் சூல்தண்டைப் பிடித்து நிறுத்தியிருப்பது தெரியும்.

இதைப் பார்க்கப் பூ வேண்டுமே! அங்கேதான் சிக்கல். பூக்காத வருஷங்களில் மலையேறுபவருக்கு இலையும் தண்டும்தான் கிடைக்கும்; அதை வைத்து இன்னதென்று சொல்வது பெரும்பாடு. ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரத் தொகுப்பின் தாளில் ஒட்டிய பூவோ காய்ந்து, நீலம் போய்ப் பழுப்பேறியிருக்கும்.

பெயர் மாறியதாலேயே எல்லோரும் மாறிவிடவில்லை. கேரள ஆயுர்வேதத்தில் 'சகசரம்' என்று வேரைப் பயன்படுத்தும் கரிங்குறிஞ்சியை, மருந்து ஆய்வுக் கட்டுரைகள் பல இன்னும் 'நீல்கிரியாந்தஸ் சிலியேட்டஸ்' என்றே எழுதுகின்றன. 'ஸ்ட்ரோபிலாந்தஸ் சிலியேட்டா' என்று தேடுகிறவருக்கு அவற்றில் பல கண்ணில் படாமலே போகும்.