முகத்துக்கு 'பீலிங்' செய்யலாமா?

புனே நகரத்துச் சாலைகளில் ஸ்கூட்டரில் போகும் பெண்களைப் பாருங்கள். பலர் முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கண் மட்டும்தான் தெரியும். கைகளுக்கும் நீண்ட உறை போட்டிருப்பார்கள். வெயிலுக்கும் தூசிக்கும் அவர்கள் கண்டுபிடித்த வழி இது.

இதே ஊரில் அழகு நிலையங்களும் தோல் கிளினிக்குகளும் நிறைய உண்டு. 'கெமிக்கல் பீல்' என்ற பலகை அங்கே தொங்குகிறது. சிலர் 'பீலிங்' என்கிறார்கள். முகத்தில் மங்கு விழுந்தவர்களும், பருத் தழும்பு உள்ளவர்களும் அந்தப் பலகையைப் பார்த்து யோசிக்கிறார்கள். பணம் வீணாகுமோ என்பது ஒரு கவலை. இருக்கிற முகமும் கெட்டுவிடுமோ என்பது அதைவிடப் பெரிய கவலை. இரண்டுமே நியாயமான கவலைகள்தான்.

பீலிங் என்றால் என்ன?

நம் தோலின் மேல் அடுக்கு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. கீழே இருந்து புதிய தோல் வருகிறது. மேல் அடுக்கு முழுவதும் மாற ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். பாம்பு சட்டை உரிப்பது போல ஒரே நாளில் நடக்காததால், நம் கண்ணுக்கு இது தெரிவதில்லை.

அமிலம் தடவி இந்த வேலையை வேகமாக நடத்துவதுதான் பீலிங். கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், லாக்டிக் அமிலம் ஆகியவை அதிகம் பயன்படுகின்றன. புனே மாவட்டத்தில் கரும்பு நிறைய விளைகிறது. அந்தக் கரும்பிலும் கிளைகாலிக் அமிலம் உண்டு. தயிரின் புளிப்பு லாக்டிக் அமிலத்தால் வருவது. இதைச் சொல்லி, "எல்லாம் இயற்கைப் பொருள், ஒன்றும் ஆகாது" என்று சிலர் விற்கிறார்கள். தயிர் தடவினால் முகம் வேகாது. பாட்டிலில் வரும் அமிலம் அப்படி அல்ல. அது பல மடங்கு வலுவானது. தவறாகப் பயன்படுத்தினால் தோல் வெந்துவிடும்.

அமிலத்தின் வலுவும், அது முகத்தில் இருக்கும் நேரமும் முக்கியம். கிளைகாலிக் அமிலத்தைத் தடவிய மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டே இருப்பார். சில நிமிடங்களில் அதை முறித்துக் கழுவிவிடுவார். நேரம் கூடினால் அமிலம் ஆழமாக இறங்கும். பீனால் போட்டு ஆழமாக உரிக்கும் முறையும் உண்டு. அது இதயத் துடிப்பைக்கூடக் குலைக்கலாம். எனவே அதைச் சாதாரண அறையில் செய்யக் கூடாது.

நம் தோலுக்கு ஏன் தனிக் கவனம்?

தாளிக்கும் போது எண்ணெய் தெறித்தால் கையில் என்ன ஆகிறது? புண் ஆறிவிடும். ஆனால் கறுப்புத் தடம் பல மாதம் நிற்கும். மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் இந்தக் குணம் அதிகம். எந்தக் காயம் பட்டாலும் அந்த இடம் கறுக்கும். பீலிங்கும் ஒரு வகைக் காயமே. அளவு மீறினால், கறுப்பைப் போக்கப் போனவருக்குப் புதிய கறுப்பு வந்து சேரும். அதனால்தான் நம் போன்றவர்களுக்கு மேலோட்டமான பீலிங்கே பெரும்பாலும் ஏற்றது.

எதற்குப் பலன் உண்டு?

பரு, பரு விட்டுப்போன கரும்புள்ளி, மங்கு ஆகியவற்றுக்கு ஓரளவு பலன் கிடைக்கும். ஆழமான பள்ளத் தழும்பு மேலோட்டமான பீலிங்கால் நிரம்பாது.

மங்கை மராத்தியில் 'வாங்' என்பார்கள். கர்ப்ப காலத்திலும், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் போதும் இது வரலாம். சில குடும்பங்களில் வழிவழியாக வரும். எப்படி வந்தாலும் வெயில் அதைக் கூட்டும். பீலிங் செய்தால் மங்கு குறையலாம். ஆனால் திரும்பி வருவது சகஜம். களிம்பும் வெயில் காப்பும்தான் முதல் மருத்துவம். அவற்றோடு துணைக்கு வருவதே பீலிங். ஒரு தடவை போதாது. சில வார இடைவெளி விட்டுப் பல தடவை செய்ய வேண்டியிருக்கும். ஒரு தடவைச் செலவை மட்டும் கேட்டுவிட்டுச் சம்மதிக்காதீர்கள். மொத்தச் செலவைக் கேளுங்கள்.

பிறவி நிறம் பீலிங்கால் மாறாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று சிவப்பாக்க நினைத்து இதைச் செய்வது வீண் செலவு. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும் போது முதல் தடவையாகச் செய்து கொள்வதோ ஆபத்து. மணவறையில் தோல் உரிந்த முகத்தோடு உட்கார நேரும்.

யாரிடம் செய்வது?

மகாராஷ்டிரத்தில் அகோலா என்ற ஊர் உண்டு. அங்கே ஒரு கல்லூரி மாணவி சிவப்பழகு கிரீம் வாங்கிப் பூசினார். அவருடைய அம்மாவும் சகோதரியும் அதையே பூசினார்கள். மூவருக்கும் சிறுநீரகம் பாதித்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஆராய்ந்த போது கிரீமில் இருந்த பாதரசம் வெளிப்பட்டது. 2023-ல் இந்தச் செய்தி வெளிவந்தது. அது கிரீம்தான், பீலிங் அல்ல. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் முகத்தில் பூசக் கூடாது என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

வலுவான பீலிங் பாட்டில்களை வீட்டுக்கே வரவழைத்துப் பூசிக் கொள்பவர்களும் உண்டு. மருத்துவர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம் என்று 2024-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை எச்சரித்தது.

தோல் மருத்துவம் படித்தவரிடமே போக வேண்டும். மருந்துச் சீட்டில் அவருடைய பட்டமும் பதிவு எண்ணும் இருக்கும். படித்துப் பாருங்கள். புனே ரயில் நிலையத்துக்கு அருகில் சாசூன் அரசு மருத்துவமனை இருக்கிறது. 1867-ல் திறந்த பழைய மருத்துவமனை அது. தோல் மருத்துவர்கள் அங்கே உண்டு. முகத்தில் இருப்பது மங்குதானா, வேறு ஏதாவதா என்று முதலில் அங்கே காட்டலாம். பீலிங்கே தேவை இல்லை என்று தெரிந்தால் அதுவும் லாபம்தானே!

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்தாலோ சொல்லுங்கள். உதட்டில் அடிக்கடி கொப்புளம் வந்தாலும், காயம் பட்டால் தழும்பு தடித்து வளர்ந்தாலும் சொல்லுங்கள். பருவுக்கு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், என்ன களிம்பு பூசினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கடையில் கேட்டு வாங்கிய சில களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். அது தோலை மெலிய வைக்கும். மெலிந்த தோலில் அமிலம் பட்டால் எரியும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுகள் உள்ள களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கத் தடை போட்டது. ஆனாலும் பல கடைகளில் சீட்டுக் கேட்பதில்லை.

வெயிலில் வேலையா?

பீலிங் செய்த முகத்தில் வெயில் படக் கூடாது. பல வாரங்களுக்கு சன்ஸ்கிரீன் களிம்பு பூச வேண்டும். மேகம் மூடிய மழைக் காலத்திலும் பூச வேண்டும். கரும்பு வெட்டுகிறவர்களும் கட்டட வேலை செய்கிறவர்களும் வெயிலை விட்டு எங்கே போவார்கள்? வெயிலுக்கு மறைவு தேட முடியாதவர்கள் பீலிங் செய்யாமல் இருப்பதே நல்லது. புனேப் பெண்களின் துப்பட்டாவும் நல்ல காவல்தான். ஆனால் உரியும் தோலில் முரட்டுத் துணி உராயக் கூடாது. மென்மையான பருத்தித் துணி ஏற்றது.

சில நாட்களுக்குத் தோல் செதில் செதிலாக உதிரும். கையால் பிய்க்கக் கூடாது. பிளீச், திரெடிங், மஞ்சள் பூச்சு எதுவும் அந்த நாட்களில் வேண்டாம். கொப்புளமோ சீழோ வந்தால், வலி கூடினால், தோல் கறுக்கத் தொடங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். எந்த அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.