ஏழேகால் பஸ்ஸும் ஒன்பதாம் வகுப்பும்

காலை மணி ஆறே முக்கால். தட்டில் இரண்டு தோசை. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு விள்ளல்கூட உள்ளே இறங்கவில்லை. “ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ கண்ணு” என்கிறார் அம்மா. “வயித்தப் பெரட்டுதும்மா” என்கிறாள் அவள். ஏழேகாலுக்கு ரோட்டில் பஸ் ஹாரன் சத்தம் கேட்கிறது. பையை மாட்டிக்கொண்டு ஓடுகிறாள். தோசை தட்டிலேயே கிடக்கிறது.

போன ஏப்ரல் வரை இந்த வீட்டில் இந்த ஓட்டம் இல்லை. தெருமுனையில் இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை படித்தாள். மணி அடித்த பிறகு கிளம்பினாலும் பிரேயருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இப்போது ஒன்பதாம் வகுப்பு, பள்ளி டவுனில். ஏழேகால் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குள் முதல் பீரியட் முடிந்துவிடும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒவ்வொரு ஜூனிலும் நடப்பதுதான் இது. எட்டு முடித்த பிள்ளைக்கு டி.சி. வாங்குகிறோம், சாதிச் சான்றிதழும் ஆதாரும் நகல் எடுக்கிறோம், யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கிறோம், முடிந்தால் டியூஷனிலும் சேர்க்கிறோம். உடம்பைத்தான் யாரும் தயார் செய்வதில்லை. முதல் இரண்டு மாதம் பிள்ளை தடுமாறினால் “பாடம் கஷ்டம்” என்று சொல்லிவிடுகிறோம். தூக்கம், பசி, தாகம், பயம் என நான்கும் ஒரே வாரத்தில் தலைகீழாகிவிட்டன என்பது நம் கண்ணில் படுவதில்லை.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என்ன மாறுகிறது?

நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைதான் பெரிய பிள்ளை. மணி அடிப்பது, பிரேயரில் செய்தி வாசிப்பது, சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது எல்லாம் அவர்கள் வேலை. டீச்சருக்கு அவளுடைய அம்மாவையும் தெரியும், ஆயாவையும் தெரியும். உயர்நிலைப் பள்ளிக்கோ மேல்நிலைப் பள்ளிக்கோ போன முதல் நாளே அவள் பல ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவில் பெயர் தெரியாத ஒருத்தி. ஒவ்வொரு பீரியடுக்கும் ஓர் ஆசிரியர் மாறி வருவார். அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்ற பேச்சு முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும்.

இதெல்லாம் நடக்கும்போது வயது பதின்மூன்று, பதினான்கு. உடம்பு மளமளவென்று வளரும் காலம். பெண்ணுக்கு மாதவிடாய் தொடங்கிச் சிறிது நாளாகியிருக்கும். பையனுக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கும். பள்ளி மாறுவதும் உடம்பு மாறுவதும் ஒன்றாகவே வருகின்றன.

தூக்கத்தை மே மாதத்திலேயே பழக்குங்கள்

பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். ஐந்தரைக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு ஒன்பதரைக்குள் கண்ணயர்ந்தால்தான் எட்டு மணி நேரமாவது தேறும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு, சின்ன வயதில் இருந்ததைவிடத் தாமதமாகவே சுரக்கத் தொடங்கும். அதனால் பத்து மணிக்கும் பிள்ளை கொட்டக்கொட்ட விழித்திருப்பது எல்லாமே திமிர் அல்ல. உடம்பே அப்படிச் செய்கிறது. கூடவே செல்போன் வெளிச்சமும் சேர்ந்தால் பன்னிரண்டு மணி ஆகிவிடும்.

திட்டி இதைச் சரிசெய்ய முடியாது. பள்ளி திறப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாக எழுப்பிவிடுங்கள். எழுந்ததும் வாசலுக்கு வரட்டும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அன்று இரவுத் தூக்கம் நேரத்தோடு வரும். ஒன்பது மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாச் செல்போனும் ஓரிடத்தில் சார்ஜில் இருக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம். பதினொன்று வரை தூங்கினால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

தம்பிக்குக் கிடைப்பது அக்காவுக்குக் கிடைக்காது

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். நான்காவது படிக்கும் தம்பிக்குப் பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடும். அவனை அனுப்ப அம்மா அவசரப்பட வேண்டியதில்லை. வீட்டில் எல்லோருக்கும் முன்னால் கிளம்பும் அக்காவுக்குத்தான் ஆறரைக்குள் ஏதாவது தயாராக வேண்டும்.

ஐந்தரைக்கு எழுந்த வயிறு ஆறரைக்குத் தோசை கேட்காது, அதுதான் “பெரட்டுது”. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்தால் காலையில் பசி எடுக்கும். தொடக்கத்தில் கனமாக எதுவும் வேண்டாம். ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றிய பழைய சோறு, அவித்த முட்டையோடு ஒரு வாழைப்பழம், இவற்றில் ஒன்று போதும். அதுவும் இறங்காவிட்டால் சின்ன டப்பாவில் இட்லி கொடுத்தனுப்புங்கள். பள்ளிக்குப் போய் பிரேயருக்கு முன்னால் சாப்பிடட்டும். வெறும் டீயைக் குடித்துவிட்டு ஓடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

மதியச் சத்துணவு அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை உண்டு, முட்டையோடு. ஆனால் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் சில பிள்ளைகள் தட்டெடுக்கக் கூச்சப்படுவார்கள். “சத்துணவா சாப்பிடுற?” என்று கூடப் படிப்பவர்கள் கேட்பார்கள் என்று பயம். வளரும் உடம்புக்குப் புரதம் மிக அதிகமாகத் தேவைப்படும் இந்த நேரத்தில் ஒரு முட்டை வீணாகப் போகிறது. இதை வீட்டிலேயே பேசிவிடுவது நல்லது.

ரத்தசோகையும் நீல மாத்திரையும்

வகுப்பில் தூங்கிவிழும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லும் முன் அவள் கண்ணிமையின் உட்புறத்தைப் பாருங்கள். வெளிறியிருந்தால் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. அதே வயதுப் பையன்களில் 31.1 விழுக்காடு. பையன்களுக்கு வராது என்று இருந்துவிட முடியாது.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரை இதற்காகத்தான். அதில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ளன. “குமட்டுது” என்று பிள்ளைகள் அதை ஜன்னல் வழியாக வீசிவிடுவது உண்டு. வெறும் வயிற்றில் போட்டால்தான் குமட்டும்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. மலம் கறுத்துப் போனாலும் பயப்பட வேண்டாம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்ந்தால் நன்றாகச் சேரும். குடற்புழு மாத்திரையையும் தவறவிட வேண்டாம்.

மாதவிடாய், கழிப்பறை, தண்ணீர்

பழைய பள்ளியில் அவசரமென்றால் வீட்டுக்கு ஓடி வந்துவிடலாம். இப்போது முடியாது. இதனாலேயே பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீரை மாலை வரை அடக்கிக்கொள்கிறார்கள். தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் இதில்தான் தொடங்குகின்றன. சேர்க்கைக்குப் போகும் அன்றே அம்மா கழிப்பறையை நேரில் பார்த்துவிட வேண்டும். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, உபயோகித்த நாப்கினைப் போட இடம் இருக்கிறதா? இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்கலாம். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை.

பைக்குள் ஒரு சின்னத் துணிப்பை எப்போதும் இருக்கட்டும். இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, பழைய செய்தித்தாள் கொஞ்சம். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். புதுயுகம் திட்டத்தில் பள்ளியில் இலவச நாப்கின் தருகிறார்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்று மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் ஓரிரு வருடம் மாதவிடாய் தள்ளித்தள்ளி வருவது சகஜம். ஏழு நாளைத் தாண்டியும் ரத்தப்போக்கு நிற்காவிட்டால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், பதினைந்து வயதாகியும் பருவமடையாவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பையும் கரும்பலகையும்

பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பை கொள்கை. ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு அது சொல்லும் அளவு 2.5 முதல் 4.5 கிலோ. 35 கிலோ பிள்ளைக்கு மூன்றரைக் கிலோதான் கணக்கு. சந்தேகமிருந்தால் ஒருநாள் மளிகைக் கடைத் தராசில் பையை வைத்துப் பாருங்கள். இரண்டு வாரையும் தோளில் மாட்டச் சொல்லுங்கள். கூட்டமான பஸ்ஸில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளட்டும்.

உயரமான பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பார்கள். கிட்டப்பார்வை தொடங்கி அதிகமாகும் வயதும் இதுவே. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, மாலையில் நெற்றி வலிக்கிறது என்பது மூன்றும் கண் பரிசோதனைக்கான அறிகுறிகள்.

திங்கட்கிழமை வயிற்றுவலி

சனி, ஞாயிறு ஓடியாடிய பிள்ளை திங்கட்கிழமை காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடும். பஸ் போன பிறகு வலி குறைந்துவிடும். பலர் இதை நடிப்பு என்கிறார்கள். பெரும்பாலும் நடிப்பல்ல, பயம் வயிற்றில் நிஜமாகவே வலிக்கும். முதலில் டாக்டரிடம் காட்டி உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள்.

“இன்னைக்கு என்ன நடத்துனாங்க?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்றுதான் பதில் வரும். “மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிட்ட?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெயர் வந்தால் நிம்மதி. வாரக்கணக்கில் பெயரே வராவிட்டால் பிள்ளை தனியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பல ஊர்ப் பிள்ளைகள் ஒன்றுசேரும் இடத்தில் “நீ எந்தத் தெரு?” என்று சாதியைத் தெரிந்துகொள்ளும் கேள்வியும் வரும். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவர் தன் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிறு கட்டுகிற பிள்ளையின் பெற்றோருக்கும் இதில் பொறுப்பு உண்டு. கேலி, மிரட்டல் என்று பிள்ளை சொன்னால் “நீ ஒதுங்கிப் போயிடு” என்று முடித்துவிடாமல் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

பையனிடமும் பேசுங்கள்

பெண்ணிடம் பேச அம்மாவோ அத்தையோ இருப்பார்கள். பையனிடம் யாரும் பேசுவதில்லை. குரல் உடைவதும், மீசை அரும்புவதும், தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் இயல்பு, நோயல்ல என்று அப்பாவோ மாமாவோ ஒருமுறை சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலமும் இந்த வயதில்தான் கைக்கு வருகிறது. பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கவும், 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு எங்கேயும் விற்கவும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. கடையைப் பற்றிப் புகார் செய்யலாம். அதே நேரம் அப்பாவின் சட்டைப்பையில் பொட்டலம் இருந்தால் மகனிடம் சட்டம் பேச முடியாது.

எப்போது உதவி தேட வேண்டும்?

புதுப் பள்ளிக்குப் பழக ஒரு மாதம் ஆகலாம். கீழே உள்ளவற்றில் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம்:

• சாப்பாடும் தூக்கமும் வெகுவாகக் குறைவது அல்லது கூடுவது
• பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டுவிடுவது
• காரணமில்லாமல் அழுவது, எரிந்து விழுவது
• பள்ளிக்குப் போக அடியோடு மறுப்பது

“செத்துப் போயிடலாம்போல இருக்கு” என்று ஒரே ஒரு முறை சொன்னாலும் அன்றே உதவி தேடுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, பள்ளி தொடர்பான வழிகாட்டலுக்கு 14417, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098.

ஒரு நாள் ஒத்திகை

“வயசுக்கு வந்த புள்ளைய பஸ்ல எப்படி அனுப்புறது?” என்று எட்டோடு படிப்பை நிறுத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பயத்தை வீட்டிலிருந்தபடி தீர்க்க முடியாது. மே கடைசி வாரத்தில் ஒருநாள் பிள்ளையோடு அதே ஏழேகால் பஸ்ஸில் ஏறிப் போய் வாருங்கள். ஐந்தரைக்கு எழுந்து, கூழைக் குடித்து, பையை மாட்டிக்கொண்டு. எந்த நிறுத்தத்தில் இறங்குவது, ரோட்டை எங்கே கடப்பது, பஸ் வராவிட்டால் எந்தக் கடையிலிருந்து போன் செய்வது எல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். அதே ஊரிலிருந்து போகும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியையும் அறிமுகப்படுத்திவிடுங்கள்.

ஜூன் வந்ததும் மாலையில் மார்க் கேட்கும் முன் பையிலிருந்து இரண்டு பொருளை எடுத்துப் பாருங்கள். காலை இட்லி டப்பாவிலேயே இருக்கிறதா? தண்ணீர் பாட்டில் நிரப்பிய அளவிலேயே திரும்பி வந்திருக்கிறதா? இரண்டும் காலியாக வரும் நாளில் பிள்ளை புதுப் பள்ளியில் பழகத் தொடங்கிவிட்டது.