பட்டா நிலத்தில் யானைத்தடம்

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடித்தால் குளிர் விட்டுப்போகும். தேயிலைத் தோட்டம் கண்ணில் படாது. முள்மரம், உண்ணிச்செடி, காய்ந்த புல், ஊடே மாட்டு மந்தை. இதுதான் சீகூர் பீடபூமி. தெற்கே செங்குத்தாக எழும் நீலகிரி மலை, வடக்கே கிடுகிடு பள்ளமாக மாயாற்றின் பிளவு. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் இந்தச் சமதரைதான் மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கிறது. முதுமலைப் பக்கத்து யானைக்கூட்டம் சத்தியமங்கலம் காட்டுக்குப் போக வேண்டுமென்றால் மலையேறவும் முடியாது, பள்ளத்தில் இறங்கவும் முடியாது. மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம் என்று மனிதர்கள் பெயர் வைத்திருக்கும் ஊர்களின் ஓரமாகத்தான் நடந்தாக வேண்டும்.

இந்தியாவில் சூழல் சுற்றுலாவைச் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்துகிறது, எங்கே கோட்டைவிடுகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தப் பகுதியில் விடுதி கட்டியவர்களில் பலர் காட்டைத் திருடியவர்கள் அல்ல. காசு கொடுத்து வாங்கிய பட்டா நிலத்தில் கட்டியவர்கள். சிக்கலே அங்குதான்.

இருளரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த இந்த ஊர்களுக்கு வெளியாட்கள் பெருவாரியாக வந்தது மின்சாரத்தால். சிங்காராவில் பைக்காரா மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. மாயாறு மின் நிலையம் 1952இல். கட்டுமான வேலைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஊர் திரும்பவில்லை. மாடு வளர்த்தார்கள், கொஞ்சம் விவசாயம் பார்த்தார்கள். பிறகு அந்த நிலங்கள் கைமாறின. முதலில் ஒன்றிரண்டு ஓய்வு பங்களாக்கள், அப்புறம் காட்டேஜ், அப்புறம் நீச்சல்குளம் வைத்த ரிசார்ட்.

ஒரு ரிசார்ட் எப்படி முளைக்கிறது? யாரும் ஒரே நாளில் அனுமதி கொடுத்துவிடுவதில்லை. குடியிருப்பு வீடு என்று ஊராட்சியில் வரைபட அனுமதி வாங்குகிறார்கள். வீடு என்பதால் மின்வாரியம் இணைப்புத் தருகிறது. பட்டா நிலம் என்பதால் வனத் துறை தலையிடத் தயங்குகிறது. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு காகிதம் சரியாகத்தான் இருக்கும். எல்லாக் காகிதத்தையும் சேர்த்துப் பார்க்கிற மேசை மட்டும் இருக்காது. வீட்டுக்கு வாங்கிய அனுமதியில் வாடகைக்கு அறைகள் வந்துவிடும். வாசலில் ‘நேச்சர்’ என்றோ ‘ஜங்கிள்’ என்றோ பலகையும் தொங்கும்.

சட்டம் இல்லாமலா இப்படி நடந்தது என்றால், சட்டம் ஏராளம். தனியார் நிலத்துக் காடானாலும் நினைத்தபடி வெட்டக் கூடாது என்கிறது 1949ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். மலைப்பகுதிக் கட்டுமானங்களைப் பார்க்க 1990இலேயே மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வந்துவிட்டது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இலிருந்து இருக்கிறது. அதன் 33ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் வணிகத்துக்காகச் சுற்றுலா விடுதி கட்ட தேசிய வன உயிரின வாரியத்தின் முன் ஒப்புதல் வேண்டும். ‘சரணாலயத்துக்குள்’ என்பதைக் கவனியுங்கள். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பட்டா நிலத்துக்கு அந்தப் பிரிவு வராது.

2012இல் நடந்ததும் இதே கதைதான். புலிகள் காப்பகங்களின் உள்வட்டத்தில் சுற்றுலாவே கூடாது என்று அந்த ஆண்டு ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நாடே பதறியது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் விதிமுறைகளை வகுத்துக் கொடுத்ததும் அக்டோபரில் தடை நீங்கியது. உள்வட்டப் பரப்பில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தக் கூடாது. அங்கே புதிய சுற்றுலாக் கட்டுமானங்கள் கூடாது. நல்ல விதிகள். முதுமலையில் உள்வட்டம் 321 சதுர கிலோமீட்டர். அதற்குள் வனத் துறை வண்டியில்தான் போக முடியும், குறித்த நேரத்தில், குறித்த பாதையில். ஆனால், காட்டைப் பார்க்க வருகிறவர்களின் ஆசைக்கு உள்வட்டம், வெளிவட்டம் என்ற கணக்கு தெரியாது. உள்ளே இறுக்கினால் கூட்டம் வெளியே வழியும். வெளியே என்றால் சீகூர். ராத்திரி ஜீப் சவாரி, ‘கேம்ப் ஃபயர்’, ஒலிபெருக்கி, விருந்தாளிகளின் பாதுகாப்புக்கென்று மின்வேலி, முள்கம்பி. யானை நடக்கிற வழியில் இத்தனையும்.

இந்த வழி தொடர்பான வழக்கு 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. 2010 ஆகஸ்ட் 31 அன்று சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை அறிவித்து 125ஆம் எண் அரசாணையைத் தமிழக அரசு வெளியிட்டது. 2011 ஏப்ரல் 7 அன்று உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்று சொல்லி, விடுதிக்காரர்கள் மூன்று மாதங்களில் நிலத்தைக் காலி செய்து ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்ற மேல்முறையீட்டில் எல்லாம் நின்றுபோனது. ஏழு ஆண்டுகள். இந்த ஏழு ஆண்டுகளில் விடுதிகள் சீசன் தவறாமல் நிரம்பிக்கொண்டுதான் இருந்தன.

2018 ஆகஸ்டில் நீதிபதி மதன் பி. லோகுர் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு பொறுமையிழந்தது. அனுமதி இல்லாத 11 விடுதிகளை 48 மணி நேரத்துக்குள் மூட வேண்டும். மற்ற விடுதிகள் ஆவணங்களைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அவற்றுக்கும் சீல். மாவட்ட நிர்வாகம் கணக்கெடுத்த 39 விடுதிகளில் 27க்குச் சீல் விழுந்தது. பத்தாண்டுகளாக எந்த அலுவலகமும் தொடாத கதவுகள் இரண்டே நாளில் பூட்டப்பட்டன. அதில் பலருக்கு மகிழ்ச்சி. எனக்கு அது நிர்வாகத்தின் தோல்விக்குக் கிடைத்த சான்றிதழாகத்தான் தெரிந்தது. முதல் செங்கல் வைக்கும்போது ஊராட்சி அலுவலகத்தில் நடந்திருக்க வேண்டிய வேலையை டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நீதிபதி செய்ய வேண்டியிருந்தது. சீல் வைத்த மறுநாள் வேலை இழந்தவர்கள் அறை துடைத்தவர்களும் சமைத்தவர்களும் ஜீப் ஓட்டியவர்களும்தான். உரிமையாளர்களுக்கு வேறு ஊரில் வேறு தொழில் இருந்திருக்கும்.

2020 அக்டோபர் 14 அன்று தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே தலைமையிலான மூவர் அமர்வு இறுதித் தீர்ப்பு சொன்னது. வன உயிரினச் சட்டத்தில் இல்லாத ‘வழித்தடம்’ என்ற ஒன்றை அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் ஏது என்பது விடுதிக்காரர்களின் முக்கியமான வாதம். லேசான வாதம் அல்ல அது. நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 48ஏ, 51ஏ(ஜி) பிரிவுகளைக் காட்டி, காட்டையும் வன உயிரினத்தையும் காப்பது அரசின் கடமை, யானை தேசியப் பாரம்பரிய விலங்கு, கேடு வரும் என்று அஞ்ச இடமிருந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திருக்காமல் தடுக்கலாம் என்று பதில் சொன்னது. அரசாணை செல்லும் என்றானது.

வழித்தடத்தின் பரப்பளவில் குளறுபடி இருக்கிறது, நிபுணர் குழு சொன்னதற்கும் அரசாணை வரைந்ததற்கும் பொருந்தவில்லை என்ற புகார் மட்டும் தள்ளுபடியாகவில்லை. அதையும் தனித்தனி உரிமையாளர்களின் ஆட்சேபங்களையும் விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் மூவர் குழு அமைந்தது. அதில் இடம்பெற்ற யானை ஆய்வாளர் அஜய் தேசாய் அடுத்த மாதமே காலமானார். சீகூர் யானைகளை நடந்து நடந்து அறிந்தவர், பேரிழப்பு.

பரப்பளவுப் புகாரை விடுதிக்காரர்களின் சாக்கு என்று நான் ஒதுக்க மாட்டேன். வரைபடத்தில் கோடு போடும்போது இருபது அறை ரிசார்ட்டும் இரண்டு மாடு வைத்திருப்பவரின் ஓட்டு வீடும் ஒரே நிறத்துக்குள் விழுகின்றன. முன்னவருக்கு மூத்த வழக்கறிஞர் இருக்கிறார். பின்னவர் தன் பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு குழுவின் முன் நிற்க வேண்டும். இருளர், குறும்பருக்கோ 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி தனிக் கணக்கு. கிராம சபையின் சம்மதம் அதில் வருகிறது. யானை நடக்க வழி வேண்டும் என்பதில் இவர்களுக்கு மறுப்பிருக்கக் காரணம் இல்லை. யானையோடு காலங்காலமாக அதே வழியில் நடப்பவர்கள் இவர்கள்தான்.

தீர்ப்பு வந்து மூன்று மாதங்களில் மசினகுடி மறுபடி செய்தியானது. ஏற்கெனவே முதுகில் காயத்தோடு அலைந்த ஆண் யானை ஒன்று 2021 ஜனவரி 19 அன்று செத்தது. சில நாட்களில் ஒரு காணொளி வெளிவந்தது. தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்த அதே யானையின் தலைமீது தீப்பற்றிய பொருளை வீசுகிறார்கள். அது காதில் ஒட்டி எரிய, யானை இருட்டுக்குள் ஓடுகிறது. இருவர் கைதானார்கள், விடுதிக்குச் சீல். 2018இல் அத்தனை கதவுகள் பூட்டப்பட்ட பிறகும் அந்தப் பகுதியில் இப்படியொரு இடம் விருந்தாளிகளை ஏற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் காணொளியைப் பார்க்க வேண்டும்.

மலைக்கு மேலே ஊட்டியில் வேறு மாதிரி முயற்சி நடக்கிறது. சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற கணக்கைக் கேட்டு அதிர்ந்த சென்னை உயர் நீதிமன்றம், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்றது. 2025 கோடைக்கு உச்சவரம்பும் வைத்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வியாபாரிகள் கடையடைத்துப் போராடினார்கள். அவர்களின் கோபம் புரிகிறது. ஆனாலும், ‘இந்த மலை எத்தனை பேரைத் தாங்கும்’ என்ற கேள்விக்கு முதல்முறையாக ஓர் எண் கிடைத்திருக்கிறது. அந்த எண் தப்பாகவே இருந்தாலும் அதைத் திருத்தலாம். எண்ணே இல்லாவிட்டால் எதைத் திருத்துவது?

அரசும் இந்தத் தொழிலில் ஒரு பங்காளி என்பதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை அரைகுறை. தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் வனத் துறைக்குத் தங்கும் விடுதிகள் உண்டு. 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு அரசே திறந்தது, உள்ளூர்க்காரர்கள்தான் வழிகாட்டிகள். மலையேறச் சென்றவர்களைப் பலிகொண்ட குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு 2018இல் பிறந்த மலையேற்ற விதிகளின் வழி வந்த ஏற்பாடு அது. எத்தனை பேர், எந்த வழி, யார் கூட்டிப்போவது என்று எல்லாம் எழுத்தில் இருக்கிறது. சுற்றுலாத் தொழிலிடமிருந்து பாதுகாப்புக் கட்டணம் வசூலித்து அதைக் காட்டோர மக்களுக்கே செலவிடலாம் என்று 2012 விதிமுறைகளும் சொல்கின்றன.

காட்டுக்குள் செல்லுபடியாகும் இந்த ஒழுங்கை எல்லைக்கல்லுக்கு வெளியே, பட்டா நிலத்து விடுதிகளுக்கும் நீட்டுவதுதான் மிச்சமிருக்கும் வேலை. இந்த வழித்தடத்தில் மொத்தம் எத்தனை அறைகள், எந்த நேரத்துக்குப் பிறகு வண்டி ஓடக் கூடாது, எங்கே வேலி போடலாம், வசூலாகும் கட்டணத்தில் ஊராட்சிக்கு எவ்வளவு, கிராம சபைக்கு எவ்வளவு. ஊராட்சி, வனத் துறை, சுற்றுலாத் துறை மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் ஒரு பக்கத்தில் எழுதிவிடக்கூடிய அரசாணை. வழக்கு தொடங்கிய 2008இலேயே எழுதியிருக்கலாம்.