வசந்தகால வெள்ளமும் கால்நடைப் பண்ணையாளரின் உரிமைகளும்

2019 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பெருகிய வெள்ளத்துக்கு மழை மட்டுமே காரணமன்று. குளிரில் உறைந்திருந்த மண் நீரை உள்வாங்க இயலாத நிலையில், காற்றழுத்தம் ஒரே நாளில் மிக வேகமாகச் சரிவதால் உருவாகும் 'வெடிகுண்டுச் சூறாவளி' என்னும் கடும்புயல் மழையைக் கொட்ட, தரையில் கிடந்த பனியும் உடன் உருகி ஆறுகளில் பாய்ந்தது. நையோப்ராரா ஆற்றின் மேல் உறைந்திருந்த பனிப்பாளங்கள் உடைந்து வெள்ளத்தோடு மோதியதில், 1927இல் கட்டப்பட்ட ஸ்பென்சர் அணை மார்ச் 14 அன்று தகர்ந்தது. பசுக்கள் கன்று ஈனும் பருவத்தில் இது நேர்ந்ததால் கன்றுகள் பல மடிந்தன. நீர் வடிந்த புல்வெளிகளில் பெரும் பனிப்பாளங்களும் மணலும் அறுந்த வேலிக்கம்பிகளுமே எஞ்சின. அம்மாநிலத்தின் கால்நடை இழப்பு ஏறத்தாழ 40 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது.

வெள்ளம் வடிவதோடு ஆபத்து நீங்குவதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர் வித்துகள் வெள்ளத்தால் மேலெழுந்து மேய்ச்சலோடு உடலுக்குள் செல்லும்போது சப்பை நோயும், மாசடைந்த தேங்குநீரால் எலிக்காய்ச்சலும் மாடுகளைத் தாக்கக்கூடும். நனைந்த உலர்புல் பூஞ்சை பிடிப்பதோடு, அடுக்கின் உள்ளே வெப்பமேறித் தானே தீப்பற்றவும் கூடும். மாடுகளை மீட்க விரையும் மனிதர்களின் உயிரும் எளிதில் பறிபோகிறது. ஓடும் நீர் 60 சென்டிமீட்டர் உயர்ந்தாலே பெரும்பாலான வாகனங்களை அடித்துச் சென்றுவிடும்.

இத்தகைய இழப்புகளுக்கு ஈடு கிடைப்பதும் எளிதன்று; அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தாலும், பொதுவாக 30 நாள் கழிந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்பதோடு, கால்நடையும் வேலியும் அதில் அடங்கா. இக்குறையை ஓரளவு ஈடுசெய்வன வேளாண்துறையின் திட்டங்களே. கால்நடை இழப்பீட்டுத் திட்டம், இயல்பான இறப்பு விகிதத்துக்கு மேல் இறந்த விலங்குகளுக்குச் சராசரிச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு வழங்குகிறது. அவசர நிலப்பாதுகாப்புத் திட்டம், குப்பை அகற்றவும் வேலி சீரமைக்கவும் ஆகும் செலவில் பொதுவாக 75 விழுக்காடு வரை ஏற்கிறது. சீரமைப்பு வேலையைத் தொடங்குமுன் அத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் தெரிவித்துவிடுவதே பாதுகாப்பானது. சேமித்த தீவனம் அழிந்தால் அதற்கெனத் தனி உதவித் திட்டமும் உண்டு.

இவற்றுள் எதுவும் தானாகக் கைக்கு வருவதில்லை. இறந்த விலங்கைப் புதைக்குமுன் தேதி பதியும் ஒளிப்படம் எடுத்தல், காதுவில்லை எண்ணைக் குறித்தல், கால்நடை மருத்துவரிடமோ பண்ணையோடு தொடர்பற்ற சாட்சியிடமோ சான்று பெறுதல், கொள்முதல் ரசீதுகளையும் மந்தைக் கணக்கையும் ஒருங்கே வைத்தல் ஆகியவை இழப்பை நிறுவும் ஆதாரங்களாகும். மந்தைக் கணக்கின் ஒரு படி வெள்ளம் எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மறுபரிசீலனை கோரவும், மத்தியஸ்தம் நாடவும், பாதகமான முடிவு கிடைத்த 30 நாளுக்குள் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவை அணுகவும் பண்ணையாளருக்கு உரிமை உண்டு.

பதிவு செய்யப்படாத இழப்பு அரசின் கணக்கில் இழப்பாகவே நிற்பதில்லை. ஆகவே பண்ணையாளர் ஒவ்வொருவரும் பனி உருகும் பருவத்துக்கு முன்பே மந்தைக் கணக்கைச் சரிபார்த்து, காப்பீட்டு வரம்புகளைப் படித்தறிந்து, மேட்டுநிலத்தில் மாற்று மேய்ச்சலிடத்தைத் தேர்ந்து வைத்தல் இன்றியமையாதது.