பொறுமை விளைக்கும் மது

பண்டங்களுட் சில புதுமையாற் சிறக்கும். சில பழமையாற் சிறக்கும். ஸ்பெயின் தேசத்தின் வடபாகத்திலுள்ள ரியோஹா மாநிலத்துச் செம்மது இரண்டாவது வகையைச் சார்ந்தது. அங்கே ஆரோ என்னும் நகரில், புகையிரத நிலையத்தின் அருகே, லோப்பேஸ் டி எரேதியா குடும்பத்தாரின் மதுச்சாலை 1877 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது.

அக்காலத்தில் பிரான்சு தேசத்து முந்திரிகைக் கொடிகளின் வேர்களைப் பிலொக்சரா என்னும் சிறு பூச்சி அழித்து வந்தது. ஆகவே பிரெஞ்சு வணிகர் மது தேடி ஆரோவுக்கு வந்தனர். பின்னர் ரியோஹாவையும் அப்பூச்சி தாக்கியது. அதனைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டி நடுவதே பரிகாரமாயிற்று. இக்குடும்பத்தாரின் தொண்டோனியாத் தோட்டம் 1913, 1914 ஆம் ஆண்டுகளில் எபிரோ நதிக்கரையில் நடப்பட்டது. அதன் பரப்பு 100 ஹெக்டேயருக்கு மேற்பட்டது.

தெம்பிரானில்யோ என்னும் முந்திரிகையே இம்மதுவுக்கு முதன்மையானது. வேறு மூவினப் பழங்களும் அதனுடன் சேரும். பெரிய ஓக்கு மரத் தொட்டிகளிற் புளித்த சாறு, பின்னர் சிறு பீப்பாக்களில் நிரப்பப்படும். அமெரிக்க ஓக்கு மரத்தைக் கொண்டு அப்பீப்பாக்களைச் செய்வோரும் பழுதுபார்ப்போரும் அச்சாலையின் தொழிலாளரே. காலத்துக்குக் காலம் மண்டியை நீக்கி, மதுவை வேறு பீப்பாவுக்கு மாற்றுவர். முட்டையின் வெண்கருவினால் அதனைத் தெளியவைப்பர்.

இவ்வளவு காலம் பீப்பாவில் வைப்பது எதற்காக? மரத்தினூடே மிகச் சிறிதளவு காற்று மதுவைச் சென்றடையும். அதனால் துவர்ப்பு மெல்லத் தணியும், செந்நிறம் செங்கல் நிறமாக மாறும், மணம் முதிரும். “கிரான் ரெசெர்வா” எனப்படும் உயர்தரச் செம்மதுவை ஐந்தாண்டுகளேனும் முதிரவைத்தல் வேண்டும் என்பதும், அவற்றுள் ஈராண்டு பீப்பாவிற் கழிதல் வேண்டும் என்பதும் ரியோஹாவின் விதி. இக்குடும்பத்தாரோ பீப்பாவில் மாத்திரம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வைப்பர். அதுவும் விளைச்சல் மிகச் சிறந்த ஆண்டுகளில் மாத்திரமே.

இத்தகைய பொறுமைக்குப் பொருட்செலவு மிகுதி. விற்காத சரக்கில் முதல் முடங்கிக் கிடக்கும். 1980களிலும் 1990களிலும் உலகச் சந்தை, கருஞ்சிவப்பு நிறமும் புதுப் பழச்சுவையும் கொண்ட மதுவை விரும்பிற்று. ரியோஹாவின் சாலைகள் பல புதுமுறைக்கு மாறின. இக்குடும்பத்தார் மாறவில்லை. பழைய முறையின் அருமையை உலகம் மீண்டும் உணர்ந்தபோது, அவர்களின் நிலவறைகளில் அது அழியாது இருந்தது.

இன்று நான்காந் தலைமுறையினர் அச்சாலையை நடத்துகின்றனர். தந்தை நிரப்பிய பீப்பாவைத் திறப்பவர் மக்களாக இருத்தல் அங்கு இயல்பு. வருங்காலத்தவரை நம்பி இன்று உழைப்பதே அத்தொழிலின் மூலதனம். மதுவைத் தீண்டாதோரும் மதித்தற்குரிய மூலதனம் அதுவாகும்.