ஈத் தூண்டில்: முதலில் எதை வாங்குவது, யாரோடு சேருவது?

புறக்கோட்டையில் தங்கூசியும் தூண்டிலும் வலைக்கயிறும் விற்று முப்பது வருடங்கள் கடந்துவிட்டன. மீன்பிடிச் சாமானில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணத்தில்தான் 2011ஆம் ஆண்டு வரை இருந்தேன். அந்த எண்ணத்துக்கு நான் கொடுத்த விலை ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா.

2009இல் யுத்தம் முடிந்து, மலைநாட்டுக்கு உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கிய காலம் அது. கடைக்கு வருகின்ற வெள்ளைக்காரர்களில் சிலர் 'பிளை ரொட்' இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லையென்று தலையாட்டி அனுப்புவோம். ஒருநாள் மகன் சொன்னான், "வாப்பா, கேட்டு வாற சாமானை இல்லையெண்டு சொல்லிச் சொல்லியே நாங்க கடையை மூடப் போறோம்." பேச்சு சுட்டது. வெளிநாட்டு மொத்த வியாபாரி ஒருவரின் விலைப்பட்டியலை எடுத்து, எது மலிவோ அதைத் தொட்டு, பன்னிரண்டு தடி, பன்னிரண்டு ரீல், பன்னிரண்டு லைன் கொள்வனவு செய்தேன். தடியில் 8 என்று போட்டிருந்தது. லைன் பெட்டியில் 5 என்று போட்டிருந்தது. சப்பாத்து இலக்கம் போல ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன்.

முதல் செட்டை வாங்கியவர் நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக வேலை செய்த ஒரு தமிழ் இளைஞர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த காசு என்று, நூறு ரூபாத் தாள்களாக எண்ணி வைத்தார். இரண்டு கிழமை கழித்து அதே செட்டோடு திரும்பி வந்தார்.

"முதலாளி, எவ்வளவு வீசினாலும் நூல் முன்னுக்குப் போகுதில்லை. காலடியிலயே விழுது."

"தம்பி, அதெல்லாம் பழகப் பழக வரும்" என்றேன். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அந்தத் தடியை வீசிப் பார்க்காத நான்தான் அப்படிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு போனார்.

மாதமொன்று கழித்து, ஓய்வுபெற்ற தோட்டத்துரை ஒருவர் கடைக்கு வந்தார். தடியைக் கையிலெடுத்து, பிடிக்கு மேலேயுள்ள சின்ன எழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். பிறகு லைன் பெட்டியைக் கேட்டார். தோட்டத் தமிழில், "முதலாளி, இது எட்டு, அது அஞ்சு. யாருக்காச்சும் வித்தீங்களா?" என்றார். விற்றேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. குறையை மறைத்து விற்கக் கூடாதென்று சின்ன வயதிலேயே எமக்கு ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். குறை எதுவென்றே தெரியாமல் விற்பதற்கு என்ன பெயர் வைப்பது?

அவர் சொல்லித் தந்ததையே இங்கே எழுதுகிறேன். இதில் இறங்க நினைக்கின்ற வாசகர்களுக்கும், இந்தச் சரக்கைக் கடையில் வைக்க நினைக்கின்ற வியாபாரிகளுக்கும் உதவும்.

சாதாரணத் தூண்டிலில் நாம் ஈயக்குண்டைக் கட்டி வீசுகிறோம். குண்டு பறக்கும், தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஈத் தூண்டிலில் முள்ளில் கட்டியிருப்பது இறகாலும் நூலாலும் செய்த செயற்கை ஈ. அதற்குப் பாரமே கிடையாது. ஆகவே பாரத்தை லைனிலேயே வைத்திருக்கிறார்கள். தடித்த, மெழுகு பூசியது போன்ற அந்த லைனின் பாரம்தான் தடியை வில்லாக வளைக்கிறது. தடி நிமிரும்போது லைன் பறக்கிறது, ஈ அதன் நுனியில் போகிறது. லைனின் முதல் 30 அடி எவ்வளவு பாரம் என்பதைத்தான் அந்த இலக்கம் சொல்கிறது. 5ஆம் இலக்கம் 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 8ஆம் இலக்கம் 210 கிரெய்ன், பதின்மூன்றரை கிராமுக்குக் கிட்ட. எட்டுக்குச் செய்த தடியில் ஐந்தைப் போட்டால் தடி வளையாது. நூல் காலடியில்தான் விழும். அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை.

புதிதாகத் தொடங்குபவர் மலைநாட்டு ட்ரவுட் மீனுக்குப் போவதானால், 9 அடி நீளம், 5ஆம் இலக்கம், நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய கார்பன் தடி போதும். நான்கு துண்டு என்றால் பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுபோகலாம். லைன் பெட்டியில் டபிள்யூ.எப்., 5, எப். என்றிருக்க வேண்டும். முன்பக்கம் பாரம் கூடியது, ஐந்தாம் இலக்கம், மிதப்பது என்று அர்த்தம். கையிலுள்ள காசில் பெரும்பங்கைத் தடிக்குக் கொடுத்துவிட்டு, மலிவான லைனைப் போடுகிறவர்கள் பலர். நான் சொல்வது மறுபக்கம்: நடுத்தரத் தடிக்கு நல்ல லைன் போடுங்கள். ட்ரவுட்டுக்கு ரீல் என்பது லைனைச் சுற்றி வைக்கும் பெட்டிதான். அதில் காசைக் கொட்ட வேண்டியதில்லை. எந்தக் கையால் சுற்றுகிறீர்கள் என்பதை மட்டும் வாங்கும்போதே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

கடல் வேறு கதை. பாரை மீனுக்கும், பொல்கொட வாவியில் கொடுவாவுக்கும் போகிறவருக்கு 8ஆம் இலக்கமோ அதற்கு மேலோ வேண்டும். பெரிய பாரைக்கு 12 வரை போகும். அங்கே ரீலின் பிரேக் நல்லதாக இருக்க வேண்டும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு எந்தப் பெயர்பெற்ற கம்பனிக்கும் மரியாதை கொடுப்பதில்லை.

லைனின் நுனியில் லீடர் என்ற தங்கூசித் துண்டு வரும், 9 அடி. ஒரு பக்கம் தடிப்பு, போகப் போக மெல்லிசு. அதில் 4எக்ஸ், 5எக்ஸ் என்று போட்டிருப்பார்கள். கணக்கு இலேசு: 11இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் நுனியின் தடிப்பு அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கென்று வரும். 5எக்ஸ் என்றால் ஆறு, அதாவது 0.15 மில்லிமீற்றர். எண் கூடக் கூட நூல் மெல்லிசு. முள்ளின் இலக்கமும் அப்படித்தான், 14 என்பது 10ஐ விடச் சிறியது. முள்ளின் இலக்கத்தை மூன்றால் பிரித்தால் ஏறத்தாழ எந்த எக்ஸ் வேண்டுமென்று வந்துவிடும். இந்தப் பிரித்தலை நான் கடைப் பையன்களுக்கு மனனமாக்கியிருக்கிறேன்.

இடையில் ஒரு வியாபாரச் செய்தி. உலகச் சந்தையில் விற்கின்ற இந்தச் செயற்கை ஈக்களில் ஒரு பகுதி எமது நாட்டிலேயே கட்டப்படுகிறது. கென்யாவும் தாய்லாந்தும் போல இலங்கையும் இதற்குப் பெயர்பெற்ற இடம். இதற்கென்றே அமெரிக்காவில் வளர்க்கின்ற சேவல்களின் இறகு இங்கே வந்து, எமது பெண்களின் விரல்களால் முள்ளில் கட்டப்பட்டு, திரும்ப அமெரிக்காவுக்கே போகிறது. அங்கே கடையில் ஒவ்வொன்றாக எண்ணி விற்கிறார்கள். அதே ஈயை நான் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்றேன் என்றால் சிரிப்பீர்கள்.

வீசப் பழகுவதற்குத் தண்ணீர் தேவையில்லை, புல்தரை போதும். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு காலிமுகத் திடலில் முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி அந்தத் துரையோடு நான் வீசிப் பழகினேன். ஓடப் பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். பின்னுக்கு வீசிய லைன் முழுதாக நீளும் வரை பொறுத்திருந்து முன்னுக்கு வீச வேண்டும். அந்தப் பொறுமைதான் வராது. கடன் கொடுத்தவன் தவணைக்குக் காத்திருப்பது போல நிற்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் ஒருவரும் முள்ளோடு வீசக்கூடாது. முள்ளின் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால், சதையில் ஏறினாலும் கழற்றலாம்.

இனிக் கழகங்கள். ட்ரவுட் எமது மீனல்ல. 1880களில் வெள்ளைக்காரர்கள் பிரித்தானியாவிலிருந்து முட்டை கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஆறுகளில் விட்டது முதலில் பழுப்பு ட்ரவுட். அது இங்கே தானாகப் பெருகவில்லை. பிற்பாடு வந்த வானவில் ட்ரவுட்தான் குளிர்ந்த மலை ஓடைகளில் நிலைத்தது. தோட்டத்துரைமார் சேர்ந்து சிலோன் பிஷிங் கிளப் என்ற கழகத்தை அமைத்து மீன் விடுவதையும் அனுமதிச் சீட்டுக் கொடுப்பதையும் நடத்தினார்கள். கொழும்பில் கடல் தூண்டில்காரர்களுக்குச் சிலோன் அங்லர்ஸ் கிளப் இருக்கிறது. இன்று மலைநாட்டில் ஆற்றோரம் ஒரு தோட்டத்துக்கும், அணைக்கட்டு இன்னொருவருக்கும் உரியதாக இருக்கும். யாரிடம் கேட்பது என்று தெரிந்தவர்கள் கழகத்தவர்கள்தான். ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாகிவிட்டது, அங்கே தூண்டில் போட முடியாது. பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தடியோடு போய் வாசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சந்தாக் கட்டுவதற்கு முன் இரண்டொரு தடவை விருந்தாளியாகப் போய்ப் பாருங்கள். புதியவருக்கு இரவல் தடி கொடுக்கிறார்களா, வீசப் பழக்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்களா, எந்தத் தண்ணீருக்கு அவர்களிடம் எழுத்தில் அனுமதி இருக்கிறது என்று கேளுங்கள். சில இடங்களில் மீன் பேச்சை விடப் போத்தல் பேச்சுக் கூட. அங்கே எமக்கு வேலையில்லை. பிடித்த மீனைத் திரும்ப விடுவது பற்றி என்னிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள். அது உலமாக்களின் வேலை, நான் தூண்டில் கடைக்காரன். என் கையில் அகப்பட்ட இரண்டும் பொரியலாகிவிட்டன. இரவல் தடியில் ஒரு மாதம் வீசிய பிறகே கடைக்கு வாருங்கள் என்று இப்போது நானே சொல்லி அனுப்புகிறேன். விற்பனை தாமதமாகிறது, ஆனால் திருப்பிக் கொண்டுவருகிறவர் இல்லை. 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் பாய்ந்த பிறகு, பிழையான தடியை வாங்கிவிட்டு இன்னொன்று வாங்க யாரிடம் காசிருக்கிறது?

எஞ்சிய பதினொரு தடிக்கும் 8ஆம் இலக்க லைன் எடுத்து, தெற்குக் கரையோரம் பாரைக்குப் போகிறவர்களுக்கு விற்றுத் தீர்க்க இரண்டு வருடம் பிடித்தது. 5ஆம் இலக்க லைன்களுக்குப் பொருத்தமான தடிகளைச் சிறுகச் சிறுக எடுத்தேன். முதலில் வந்த தடியைக் கடையில் வைக்கவில்லை. பில் புத்தகத்தில் முகவரி இல்லை, நானுஓயா என்று மட்டும்தான் இருந்தது. ரயிலேறிப் போய், மூன்று தோட்டத்து ஒபிஸில் விசாரித்து அவரைக் கண்டுபிடித்தேன். தடியைப் பரணில் போட்டிருந்தார். கழகத்தின் பழகும் நாளில் எல்லோருக்கும் முன்னால் நூல் காலைச் சுற்றியதாம். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லையாம். "எனக்குத்தான் கை வராதுன்னு நெனச்சேன் முதலாளி" என்றார். மன்னிப்புக் கேட்டேன். எட்டை வாங்கிக்கொண்டு ஐந்தைக் கொடுத்தேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பின்னாலிருந்த புல்தரையில் உடனே பூட்டி வீசினார். மூன்றாவது வீச்சில் லைன் நேராகப் போய் விழுந்தது.

இப்போது அந்தக் கழகத்தில் புதியவர்களுக்கு வீசப் பழக்குகிறவர் அவர்தான். ஆட்களை என்னிடம் அனுப்பும்போது துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிடுவார். போன மாதம் ஒரு பொடியன் கொண்டுவந்த துண்டில், 9 அடி, இலக்கம் 5, நான்கு துண்டு, லீடர் 5எக்ஸ் என்றிருந்தது. கீழே, 'லைன் பெட்டியைத் திறந்து இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கவும்' என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார்.